டைப்பிங் அக்காவும் பதினான்காம் விதியும்

மனு, விண்ணப்பம், எதுவானாலும் எங்கள் தெருவில் டைப்பிங் அக்காவின் முன்னறைக்குத்தான் போவோம். கம்ப்யூட்டர் மட்டும் அப்போது அவளுடையதல்ல. முனையில் ஒரு கம்பெனியின் கிளைக் கடையில் மாத வாடகைக்கு எடுத்தது. மூன்று வருடம் கட்டிய பணத்தில் இரண்டு வாங்கியிருக்கலாம். மொத்தமாகப் புரட்ட முடியாதவர்கள்தானே வாடகைக்குப் போகிறோம்.

அந்தக் கடையைக் கூட்டித் துடைப்பவள் நான். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், வாய் திறக்காதவள். கம்பெனிச் சம்பளத்தில் அதை நடத்தும் கடைக்காரர் என்னை ஒரு ஆளாகவே எண்ணியதில்லை.

ஒரு மாதம் வாடகை ஒரே ஒரு நாள் தள்ளிப்போனது. அவர் கடையில் இருந்தபடியே கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அத்தையின் உதவித்தொகை விண்ணப்பம் உள்ளே மாட்டிக்கொண்டது. அன்றுதான் கடைசி நாள். அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, சாயங்காலத்துக்குள்ள கட்டிடறேன். பத்து நிமிஷம் திறந்து விடுங்க."

"பணத்த வைம்மா, திறக்கறேன். கால நீட்டி டீ குடிக்க நேரம் இருக்கு, கட்ட நேரம் இல்லையா?"

அக்கா திகைத்தாள். இவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். மேசை துடைக்கும்போது அவருடைய திரையில் பார்த்திருக்கிறேன்: வாடகைக் கம்ப்யூட்டர்களின் கேமரா வழியே, சின்னச் சின்னக் கட்டங்களாக இருபது வீடுகள். அக்காவின் நாற்காலியில் துண்டு காய்வதுகூடத் தெரியும். வேலை போய்விடுமே என்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு உதவித்தொகை கிடைக்காமல் போனது. அன்று மாலை அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கிழித்துக் கேமரா மேல் அழுத்தி ஒட்டினாள்.

"அவன் ஒப்பந்தத்த அடிச்சுக் குடுத்ததே நான்தான்டி. தலைமை ஆபீஸ் குடுத்த தாள் மங்கிப்போச்சுன்னு கொண்டுவந்தான். படிக்காமலே நூறு பிரதி எடுத்துட்டுப் போனான். பாதிக் கூலி இன்னும் பாக்கி."

பதினான்காம் விதியைப் படித்துக் காட்டினாள். பொருளை எந்த நாளும் திருப்பித் தரலாம். எடுக்கும்போது கட்டிய முன்பணத்தைக் கடை அன்றே ரொக்கமாகத் தர வேண்டும்.

கடைப் பெட்டியில் இருக்க வேண்டிய முன்பணமெல்லாம் அவருடைய புதுக் காராக வாசலில் நின்றது.

நீலச் சுவர், கதவில்லாத அலமாரி, தையல் மெஷின் என்று கட்டங்களில் கண்டதை நான் அடையாளம் சொன்னேன். அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினாள்.

தலைமை அலுவலக அதிகாரி மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்க வருவார். அன்று இருபது பேரும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றிலும் பிளாஸ்திரி.

"என்னம்மா, ஊர்வலமா?"

"வாடகை வீட்டக் காலி பண்றோம் அண்ணே. முன்பணத்த எடுங்க" என்றாள் அக்கா.

"இன்னிக்கேவா? ஒரு வாரம் ஆகும்!"

"ஒருநாள் தள்ளினா பூட்டுற கை, இப்ப பெட்டியத் திறக்க மாட்டேங்குதா?" என்றாள் தையல்காரி.

அதிகாரி ஒப்பந்தத்தைப் படித்தார். "இது எதுக்கு?" என்று பிளாஸ்திரியைத் தொட்டார். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடைக்காரரின் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

வேலை போயிற்று, எனக்கல்ல, அவருக்கு. முன்பணத்துக்காகக் காரையும் விற்றார். தன் பங்கில் அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சொந்தமாகவே வாங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். வேலையைத் திருப்பிக் கேட்டு மனு அடிக்க வேண்டுமாம்.

அக்கா ஜன்னலை மட்டும் திறந்தாள். "பணத்த வைங்க அண்ணே, திறக்கறேன்."

அவள் சொன்ன தொகையை வைத்தார். அக்கா எண்ணிப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. இது அந்த ஒப்பந்தம் அடிச்ச பாக்கி. மனுவுக்கு வேற ஆளப் பாருங்க."

ஜன்னல் மூடியது. பணம் முழுவதும் அத்தையின் கைக்குப் போனது.