பதினான்காவது கோல்

சிவகாமிக்குக் கடல் என்றால் பயம். பினாங்கிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வயதாகியும், முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் அவள் உடம்பில் பட்டதில்லை. வீடு பாயான் பாருவில். பக்கத்திலேயே இருந்த மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம், பூதக்கண்ணாடிக்குக் கீழே சில்லுகளைப் பார்த்தும் விரலால் தடவியும் பழுதானதைப் பொறுக்கிப் போடுகிற வேலை செய்தாள். படிப்பு பள்ளியில் மூன்றாம் பாரத்தோடு, ஒன்பதாம் வகுப்போடு, நின்றுபோனது. படித்தவர்கள் நடுவே வாயைத் திறக்க அவளுக்குக் கூச்சம்.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளைக் கடலோர உயிர்களைக் காட்டித்தரும் கடற்கரை வகுப்பில் சேர்த்துவிட்டது மகள் ஜெயந்தி.

"நாலு சனிக்கிழமைதான்மா. பெரியவங்களுக்கு மட்டும். ஃபிரீ லா."

"கடலுக்குள்ள எறங்கச் சொல்வாங்களா?"

"ஒன்னய யாரு எறக்கப் போறா? சும்மா போய்ட்டு வா."

இறங்கத்தான் சொன்னார்கள். மூன்றாம் சனிக்கிழமை, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில், தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் கடல்புல் திட்டுக்கு இரண்டு படகுகளில் கூட்டிப் போனார்கள். வகுப்பில் பதினாலு பேர். ஆளுக்கொரு மூங்கில் கோல். சேற்றின் ஆழத்தைக் கோலால் குத்திப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும் என்பது ஆசிரியர் ஷஃபீக்கின் கண்டிப்பு. பல்கலைக்கழகத்தில் கடலைப் படித்த இளைஞன் அவன். இரண்டாம் சனிக்கிழமை கரைச் சேற்றில் எல்லாரையும் நிறுத்திப் பழக்கியிருந்தான்.

"கால் மாட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. இழுக்க இழுக்கச் சேறு புடிக்கும். காலைச் சுத்தி நோண்டித் தண்ணிய உள்ள விடுங்க. அதுவே விட்டுரும்."

திரும்பும்போது ஆட்களைச் சரிபார்க்கும் பொறுப்பை ஷஃபீக் சிவகாமியிடம் கொடுத்திருந்தான். அவளோ, விரலை நீட்டி மனுஷரை எண்ணினால் அதில் ஒன்று குறையும் என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள். கல்யாணப் பந்தியில்கூட இலையைத்தான் எண்ணுவார்கள், ஆளை எண்ண மாட்டார்கள். கடலில் வைத்து அதைச் செய்வாளா? கோல்களை எண்ணிக்கொள்வதாகச் சொன்னாள். ஆளுக்கொரு கோல்தானே, அவனும் சரி என்றுவிட்டான்.

திட்டில் கால் வைத்ததும் பயத்தில் ஓர் அடி நகராமல் நின்றாள். ஆனால் குனிந்து பார்த்தபோது தொழிற்சாலைக் கண் விழித்துக்கொண்டது. மற்றவர்களுக்குப் புல்லாகத் தெரிந்த இடத்தில், புல்லின் நிறத்திலேயே, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கடல்குதிரை வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"டீச்சர், இங்க பாருங்க!"

புஷ்பராணி டீச்சர் ஓடாத குறையாக வந்தார். அவரும் வகுப்பில் படிக்க வந்தவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். முப்பது வருஷம் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்.

"எப்படித்தான் கண்டனியோ பிள்ளை! நான் படிச்ச படிப்பெல்லாம் உன்ர கண்ணுக்கு முன்னால ஒண்டுமில்லை." சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்து வரைய உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சொல்லில் சிவகாமி கொஞ்சநேரம் பயத்தையே மறந்திருந்தாள்.

பெருநிலத்துப் பக்கம் வானம் கறுத்தது; தண்ணீரும் ஏறத் தொடங்கியிருந்தது. ஹுஸ்னா என்ற பெண்ணின் பாதத்தைச் சிப்பி கிழித்து ரத்தம் நிற்காமல் போக, ஷஃபீக் அவளைத் தாங்கிக்கொண்டு முதல் படகுக்கு விரைந்தான். எல்லாரையும் வரச் சொல்லி விசில் ஊதினான். படகுவரை வழியெல்லாம் சேறு. சிவகாமி டீச்சரிடம் திரும்பினாள்.

"டீச்சர், ஒங்க கோலையும் குடுக்குறீங்களா? ரெண்டு கையிலயும் புடிச்சாதான் தைரியமா இருக்கு."

"நாலு காலில நடக்கப் போறியோ? கொண்டு போ, கொண்டு போ. இந்த வாலை மட்டும் முடிச்சிட்டு மணல் பக்கத்தால வாறன்."

சிவகாமி இரண்டு கோல்களையும் ஊன்றி வந்து சேர்ந்தாள். வந்தவர்கள் அவசரத்தில் கைக்கு எட்டிய படகில் ஏறினார்கள். இரண்டாம் படகின் பின்புறத்து வாளியில்தான் எல்லாக் கோல்களையும் போட வேண்டும். தன் கையில் இருந்ததையும் போட்டுவிட்டு எண்ணினாள். பதினாலு. மறுபடி எண்ணினாள். பதினாலு.

"எல்லாம் வந்திருச்சு, அண்ணே."

படகுக்காரர் ஷேக் அலாவுதீன் இயந்திரத்தை முடுக்கினார். முதல் படகு ஏற்கெனவே தூரத்தில் புள்ளியாகிவிட்டிருந்தது.

பாதி வழியில், முகத்தில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைக்கக் கையை உயர்த்தினாள் சிவகாமி. வலது உள்ளங்கை நிறைய சேறு. இடது உள்ளங்கையிலும் சேறு. இரண்டு கையிலும் எப்படி?

வாளியில் கிடக்கும் கோல்களில் ஒன்று டீச்சருடையது.

டீச்சர் முன் படகில் இருப்பார். இருக்கத்தான் வேண்டும். கைப்பேசியில் ஷஃபீக்கைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாயைத் திறந்தால் படகில் இருக்கும் அத்தனை படித்தவர்கள் முன்னாலும் தன் முட்டாள்தனம் வெளியே வந்துவிடும். திரும்பிப் பார்த்தாள். திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர் மட்டும்தான்.

"அண்ணே, படகத் திருப்புங்க! டீச்சர் வரல!"

"பதினாலுன்னு சொன்னீங்களேமா?"

"ரெண்டு கோலு நான் கொண்டாந்தது. டீச்சரோடதும் ஏங்கிட்டதான் இருந்துச்சு."

அலாவுதீன் சுக்கானை ஒரே வளைப்பாக வளைத்தார். படகைத் திருப்பிய வேகத்தில் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மழை இறங்கிவிட்டது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. அலாவுதீன் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மழைச் சத்தம். மறுபடி முடுக்கினார், மறுபடி அணைத்தார். மூன்றாம் முறை, ரொம்ப மெல்லிசாக, "இங்கை... இங்கை..." என்று ஒரு குரல்.

மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தார் டீச்சர். நோட்டைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"கால் ரெண்டும் சேத்துக்குள்ள போயிட்டுது. எடுக்க ஏலாது."

படகிலிருந்த இரண்டு ஆண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். டீச்சர் அலறினார்.

"இழுக்காதீங்க!" என்று கத்தினாள் சிவகாமி. தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகம். "இழுத்தா இன்னும் புடிக்கும். நோண்டணும்!"

அலை ஒன்று டீச்சரின் தோளை நனைத்தது. அலாவுதீனால் துடுப்பை விட முடியாது. விட்டால் நீரோட்டம் படகை அடித்துக்கொண்டு போகும். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீருக்கு அடியில் எதை, எப்படி நோண்டுவது என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்ணில்லாமல் விரலாலேயே கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அந்தப் படகில் ஒருத்திதான் இருந்தாள்.

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சிவகாமி இறங்கினாள். தண்ணீர் கழுத்துவரை ஏறியது. ஜெயந்தியின் முகம் வந்து போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். இருட்டு. டீச்சரின் முழங்காலைத் தடவி, அதன் வழியே கீழே இறங்கி, சேற்றுக்குள் விரல்களைச் செருகித் தோண்டினாள்.  மேலே வந்து மூச்சு வாங்கினாள். வாய்க்குள் கடல். திரும்ப உள்ளே. நான்காவது முறை சேறு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இளகியது. இடது கால் வந்தது. வலது காலுக்கு இன்னும் எத்தனை முறை முங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. எண்ணவில்லை.

இரண்டு பேரையும் மீன்போல அள்ளிப் படகில் போட்டார்கள். டீச்சர் இருமினார், வாந்தி எடுத்தார், பிறகு நடுங்கிக்கொண்டே சிரிக்கப் பார்த்தார்.

"நான்தான் டீச்சர்... ஒங்க கோல..." என்று தொடங்கினாள் சிவகாமி.

"தெரியும். கை நீட்டிக் குடுத்தது நான்தானே."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் பத்து நிமிஷம் தன் உள்ளங்கையைப் பார்க்காமல் இருந்திருந்தால்? நினைப்பு அந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. டீச்சரின் மணிக்கட்டை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். கரை தெரிந்தது. ஷஃபீக் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவர்களை நோக்கி ஓடிவருவதும் தெரிந்தது.

"கையை விடு பிள்ளை, நோகுது," என்றார் டீச்சர்.

சிவகாமி விடவில்லை.