கேள்வித்தாள் நோயாளிக்கு ஒரு அர்ச்சனை

நாளைக்கு எங்களுக்கு மூட்டு, இணைப்புத்திசு நோய்களில் இன்டர்னல் டெஸ்ட். இன்று ஏனாத்தூர் மெடிக்கல் காலேஜிலிருந்து பஸ்ஸில் வரும்போது கூடப் படிக்கும் திவ்யா போனைப் பார்த்து என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

"முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு. குளிர்ல விரல் வெளுத்து, அப்புறம் நீலமாயிடுது. கை வீங்கிக் கெடக்குது. தலை சீவக்கூட கையத் தூக்க முடியல. என்னா நோய்?"

நான் யோசிப்பதற்குள் முன்சீட்டில் இருந்த அக்கா திரும்பினார். "அய்யோ பாவம்! கொழந்தைங்க இருக்குதாம்மா?"

"அதப் போடலக்கா," என்றாள் திவ்யா.

"வூட்டுக்காரரு நல்லா பாத்துக்கிறாரா?"

அதுவும் போடவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் காமாட்சியம்மன் கோயிலுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். பேரு, நட்சத்திரம் சொல்லுமா, ஒரு அர்ச்சனை பண்ணிட்றேன்."

எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "அக்கா, அது பரீட்சைக்காக யாரோ எழுதின ஆளு. நெஜத்துல கெடையாது."

"நோவு நெஜமா?"

"நெஜந்தாங்க்கா."

"அப்ப அது வந்தவங்க எல்லாருக்கும் பண்றேன். நோவு பேர எழுதிக் குடு."

டிக்கெட்டின் பின்னால், எனக்குத் தோன்றிய விடையான தோல் இறுகும் நோயை, 'ஸ்கிளீரோடெர்மா' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார்.

பஸ் நகர்ந்த பிறகுதான் திவ்யா சரியான விடையைப் பார்த்தாள். ஸ்கிளீரோடெர்மா இல்லை; மிக்ஸ்ட் கனெக்டிவ் டிஷ்யூ டிசீஸ் என்ற கலப்பு நோய்.

கோயில் பக்கம் இருப்பவர்கள் யாராவது அம்மனிடம் திருத்தம் சொல்லிவிடுங்கள். தப்பாக எழுதியது யாரென்று கேட்டால், திவ்யா என்று சொல்லுங்கள்.