எதிராளியின் மொழிபெயர்ப்பாளர்

"தகப்பனின் தொழில், கமம், ஃபார்மர்" என்று வாய்விட்டுச் சொல்லியபடி பிறப்புச் சான்றிதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தட்டெழுதிக்கொண்டிருக்கும் அருந்ததி, அடுத்த மூச்சிலேயே, "இல்லைத் தம்பி, நீர் சொல்லுறது சுத்தப் பிழை. போனிலை விளையாடுறவனும் விளையாட்டுக்காரன்தான்" என்கிறார். எதிர்க் கதிரையில் விசா அலுவலாக வந்து காத்திருக்கும் மனிதர் திடுக்கிட்டு, தான் ஒன்றும் சொல்லவில்லையே என்று விழிக்கிறார். பதில் அவருக்கல்ல. மேசையின் வலது மூலையில், முத்திரைகளோடு சாய்த்து வைத்திருக்கும் கைத்தொலைபேசிக்குள் இருக்கிற யாரோ ஒருவருக்கு. எதை எழுதினாலும் உரக்கச் சொல்லித்தான் எழுதுவார் அருந்ததி. சான்றிதழுக்காக வருகிறவர்கள் கூடவே ஒரு விவாதத்தையும் இலவசமாகக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குகிறார்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி, சேலைக் கடையொன்றின் மேல்மாடியில் ஓர் அறை. கதவில் 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்ற பலகை. தாளுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என்று அவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். ஒன்று மூக்கில் இருக்கும்போது மற்றது தலையில் இருக்கும். பெரும்பாலும் மூக்கில் இருப்பது பிழையான கண்ணாடியாக இருக்கும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுன்னாகத்தில் பிறந்து சிறுமியாகவே கொழும்புக்கு வந்தவர். சிங்களத்தைப் பாடசாலை மைதானத்தில் சண்டை பிடித்தே பழகினார். அதனாலோ என்னவோ, இன்றைக்கும் சிங்களத்தில் சண்டை பிடிப்பதில் அவருக்குத் தனிச் சுகம்.

அபிப்பிராயம் இல்லாத விடயம் என்று அவருக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. சார்ஜர் இல்லாமல் தொலைபேசி விற்பது பகற்கொள்ளை. கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று எழுதுகிற பெற்றோர், முதலில் இரவுச் சாப்பாட்டு நேரத்து நாடகத்தை நிறுத்த வேண்டும். செயற்கை நுண்ணறிவு வந்து அவருடைய தொழிலையே விழுங்கப்போகிறது என்று யாராவது பயமுறுத்தினால் போதும், அன்றைக்கு அவர்பாடு கொண்டாட்டம். "மெஷின் மொழிபெயர்க்கட்டும், ஆர் வேண்டாம் எண்டது? ஆனா பிழை விட்டால் ஆரைப் பிடிக்கிறது? நான் பிழை விட்டால் கீழை என்ர கையெழுத்து இருக்கு, விலாசம் இருக்கு. வந்து பிடிக்கலாம்!" என்று எழுதிவிட்டு, கடைசி வார்த்தைக்கு மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

விளையாட்டு அவருக்குப் பிந்தி வந்த வியாதி. நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே அடங்கிக் கிடந்தபோது, கீழே சேலைக் கடைக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் நப்ரீஸ், பொழுதுபோகட்டும் என்று சுடுகிற கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். இப்போது நப்ரீஸ், கொட்டாஞ்சேனை டிலான், டிலானின் மைத்துனர் ரொஷான், அருந்ததி நால்வரும் ஒரு அணி. விளையாட்டில் அருந்ததியின் பெயர் 'அன்ரி06'. வெள்ளவத்தையின் தபால் எண் கொழும்பு 06 என்பதால் வந்தது அது. வயதை எழுதத்தான் நப்ரீஸ் பார்த்தார், விட்டால்தானே! பாமன்கடை வீட்டில் கணவர் சண்முகலிங்கம், "உள்ளுக்கை இருந்து 'முதுகைப் பார், முதுகைப் பார்' எண்டு கத்துறா. நான் என்ர முதுகைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று வருகிறவர்களிடம் முறைப்பாடு செய்வார்.

ஆனால் அவரைப் பற்றி எழுத வேண்டியது இதுவொன்றுமில்லை. கொழும்புக் கேம்காரர்களும் தொழில்நுட்பப் பைத்தியங்களும் கூடிச் சண்டைபிடிக்கும் ஒரு முகநூல் குழு இருக்கிறது. பாதிப் பேர் சிங்களத்தில் எழுதுவார்கள், பாதிப் பேர் தமிழில். அதில் அருந்ததிக்கு மட்டும் ஒரு விசித்திரப் பழக்கம். யாரோடு வாதாடப் போகிறாரோ, முதலில் அவர் எழுதியதை மற்ற மொழியில் ஒழுங்காக மொழிபெயர்த்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் தன் பதில். சில வேளைகளில் எதிராளி எழுதியதைவிட மொழிபெயர்ப்பு நன்றாக இருந்துவிடும். "உங்களையே அடிக்கிற பொல்லுக்கு நீங்களே பொலிஷ் போட்டுக் குடுக்கிறீங்க அன்ரி" என்று நப்ரீஸ் தலையில் அடித்துக்கொள்வார்.

தொலைபேசியில் விளையாடுவதா, கணினியில் விளையாடுவதா உயர்வு என்று இரண்டு பேர் ஒருமுறை நாட்கணக்காக ஒருவரையொருவர் கிழித்தார்கள். அருந்ததி இருவர் எழுதியதையும் மாற்றிப் போட்டபோதுதான் தெரிந்தது, இருவரும் ஒரே கட்சி. இரண்டு பேரும் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். சிரித்துச் சிரித்து அருந்ததிக்கு விக்கல் வந்தது. "சண்டை பிடிக்கிறதெண்டாலும் மற்றவன் என்ன சொல்லுறான் எண்டு தெரிஞ்செல்லோ பிடிக்கவேணும்" என்பது அவர் கட்சி.

அந்தப் பழக்கம் அவரையே பதம் பார்த்தது இந்த ஆண்டுதான்.

குழுவினர் வருடத்துக்கு ஒரு முறை கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தை எடுத்து, நேருக்கு நேர் போட்டி வைப்பார்கள். சென்ற ஆண்டு கணவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்பதால் அருந்ததி போகவில்லை. இந்த ஆண்டு எப்படியும் போவதென்று, புதுச் செருப்புக்கூட வாங்கி வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, குழுவை நடத்தும் அப்ஹாம் ஒரு வாக்கெடுப்பைப் போட்டார்: பெண்களுக்குத் தனிப் போட்டி வைப்பதா, எல்லோரும் சேர்ந்தே ஆடுவதா? தனி என்றால் அன்ரி06 தன் அணியில் ஆட முடியாது. அருந்ததி கொதித்துப் போனார். "பஸ்ஸிலை முன் சீற்றைப் பெம்பிளையளுக்கு விட்ட மாதிரி விளையாட்டையும் பிரிச்சுத் தரப்போறியளோ? நான் டிலானைச் சுட்டால் அவன் சாகமாட்டானோ?" என்று இரண்டு மொழியிலும் எழுதினார். தமிழ்ப் பக்கத்தில் அவருக்கு நல்ல ஆதரவு. வாக்கெடுப்பு அவர் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் நிலூக்கா என்ற பெண் எழுதினாள். பேலியகொடையில் இருப்பவள், குழுவில் அதிகம் வாய் திறக்காதவள். நீளமான பதிவு, முழுவதும் சிங்களத்தில். முகநூலின் தமிழாக்கப் பொத்தானை அமத்திப் பார்த்தவர்களுக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. "அன்ரி, இது என்ன சொல்றாங்க?" என்று வழமைபோல ஒருவர் கேட்டுவைத்தார்.

அருந்ததி வாசித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். காத்திருந்த வாடிக்கையாளரை மத்தியானத்துக்குப் பிறகு வரச் சொன்னார். அவர் அப்படி யாரையும் அனுப்பியதாக இதற்கு முன் சரித்திரம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் டிலானிடமிருந்து தனியே ஒரு செய்தி வந்தது. டிலானுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அவரும் வாசித்துவிட்டார். "அன்ரி, அந்தப் பின்வரிசை பத்தின பகுதிய மட்டும் விட்ருங்க. நம்ம பெடியன்கள் மானம் போயிரும். ஓட்டும் மாறிரும். பிறகு நம்ம டீமே இல்ல." சற்றுப் பொறுத்து இன்னொன்று: "நானும் அன்டைக்குப் பின்னால தான் இருந்தன். கத்தல்ல. சிரிச்சன்."

விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலை அதிகம் என்று சொல்லி வாக்கெடுப்பு முடியும்வரை இழுத்தடித்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அருந்ததிக்கு அந்த எண்ணமெல்லாம் வந்தது. தன் அணியையும் புதுச் செருப்பையும் நினைத்தார். ஒரு கடுமையான சொல்லுக்கு மிருதுவான சொல் ஒன்றைத் தன் மனம் தானாகவே தேடிக்கொண்டிருப்பதைக் கண்டபோது அவருக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது. டிலானுக்கு வழமைபோல உரக்கச் சொல்லியே எழுதினார்: "டிலான், என்னட்டை விவாகரத்துத் தீர்ப்புக் கொண்டு வாற சனம் இருக்கு. அதிலை அவையைப்பற்றியே அசிங்கமாய் எழுதியிருக்கும். அதுக்காக நான் ரெண்டு வரியை விழுங்கினால், பிறகு ஏன் இந்த முத்திரை?"

பிறகு நிலூக்கா எழுதியதைத் தமிழில் போட்டார்:

"போன வருடம் நான் அந்த மண்டபத்துக்கு வந்தேன். விளையாடத் தெரியாமல் வரவில்லை. மேடையில் ஏறியதிலிருந்து பின்வரிசையில் கத்திக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்தச் சிரிப்பு எந்தப் பெண்ணுக்கும் விளங்கும். பாதியில் எழுந்து போனேன். போகும்போது கைதட்டினார்கள். சேர்ந்து ஆடுவதுதான் சமத்துவம் என்று இங்கே எழுதுகிற அக்கா அன்றைக்கு எங்கே இருந்தார்? உங்கள் சமத்துவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான்."

அடியில் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: "இது நிலூக்காவின் வாதம். என் பதிலை நாளைக்கு எழுதுகிறேன்."

மறுநாள் பதில் வரவில்லை. குழுவே வாய்பிளந்தது. தமிழ்ப் பக்கத்து வாக்குகள் ஒவ்வொன்றாக மறுபக்கம் நகர்ந்தன. "இன்னும் ரெண்டு நாள் போனா டீம் ஈக்காது அன்ரி, ஏதாச்சும் எழுதுங்க" என்று நப்ரீஸ் படியேறி வந்து கெஞ்சினார். "எழுத இருந்தனான் நப்ரீஸ். அந்தப் பிள்ளை என்னைத்தான் கேட்டிருக்குது, எங்கை இருந்தனி எண்டு. மனுசன்ர கண் ஒப்பரேஷனைச் சொல்லலாம். ஆனா அது அந்தப் பிள்ளைக்கு மறுமொழியே?" என்றார் அருந்ததி. கடைசி வார்த்தைக்கு மேசையில் தட்டு விழவில்லை.

கடைசியில் எழுதினார். நிலூக்கா சொன்னது சரி, தன்னிடம் எதிர்வாதம் இல்லை என்று இரண்டு மொழியிலும் ஒப்புக்கொண்டார். இணையத்தில் இப்படியொரு வசனத்தைக் காண்பது அபூர்வம் என்பதால் பலர் அதைப் படம் பிடித்து வைத்தார்கள். தொடர்ந்து ஒரு யோசனையும் சொன்னார்: சேர்ந்தே ஆடுவோம், ஆடுகிறவரைக் கேவலப்படுத்திக் கத்துகிறவர் எந்த அணியோ, அந்த அணி முழுவதும் வெளியே. நிலூக்கா இரண்டே வரியில் மடக்கினாள். தமிழில் கத்துவது என்னவென்று அங்கே நடுவருக்கு விளங்குமா? யாரிடம் போய் முறையிடுவது?

"மட்ட தேரெனவா, நங்கி" என்று பதில் போட்டார் அருந்ததி. எனக்கு விளங்கும், தங்கச்சி.

மறுநாள் அவளே தன் வாக்கை மாற்றினாள். "ஒரு தடவை வருகிறேன். ஒரேயொரு தடவை" என்று எழுதினாள். அவள் மாற்றியதைப் பார்த்து மற்றவர்களும் மாற்ற, அருந்ததியின் யோசனை அரும்பொட்டில், ஒன்றிரண்டு வாக்கில், வென்றது. நப்ரீஸ் வாழைப்பழக் கேக் கொண்டுவந்து கொடுத்தார். அருந்ததி அதை மேசையின் மூலைக்குத் தள்ளி வைத்தார். இனி மண்டபத்தில் ஒரு பயல் வாயைத் திறந்தாலும் அந்தப் பெண் திரும்பி வரமாட்டாள். அவளைக் கூட்டி வந்தது தான் கொடுத்த வாக்குறுதி.

போட்டியன்று அன்ரி06-இன் அணி இரண்டாம் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. "நீங்க ஸ்கிரீன பாக்கவே இல்ல அன்ரி! பின்னுக்கே பாத்துட்டு இருந்தீங்க!" என்று நப்ரீஸ் அழாத குறை. குற்றச்சாட்டை அருந்ததி மறுக்கவில்லை.

பிறகு நிலூக்காவின் அணி மேடையேறியது. பதிவைப் படித்தவர்கள் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். தொலைபேசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெரிய திரையில் ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கை. அதைத் தொடர்ந்து யாரோ குரலை மாற்றி ஒரு சொல். நாலைந்து பேர் சிரித்தார்கள். நிலூக்காவின் தோள்கள் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தன.

அருந்ததி எழுந்து மேடைக்கு முன்னால் போனார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்வரிசையைப் பார்த்து நின்றார். ஒலிவாங்கி அவருக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆருக்கும் ஏதாவது சொல்லவேணும் எண்டால் எழும்பி நிண்டு, பேரையும் அணியையும் சொல்லிப்போட்டு, எனக்குச் சொல்லுங்கோ. நான் சிங்களத்திலை மாத்தி, இந்த முழுச் சனத்துக்கும் கேக்கச் சொல்லிவிடுறன். ம்... ஆர் முதல்?"

ஒருவரும் எழும்பவில்லை. சீழ்க்கையடித்தவன் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அருந்ததி போய் உட்காருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அசையவில்லை. பின்னால் ஆட்டம் சூடு பிடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக அணிகள் விழுந்தன. மண்டபத்தில் இருந்தவர்கள் தம்மையறியாமல் இருக்கையின் நுனிக்கு வந்தார்கள். எல்லோர் முகத்திலும் திரையின் வெளிச்சம் ஆடியது. ஆட்டத்தைப் பார்க்காதவர் அங்கே அருந்ததி ஒருவர்தான். கேம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாத மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவருடைய விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன.

டிலான் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

பின்வரிசையிலிருந்து பார்வையை எடுக்காமலே அருந்ததி, "டிலான், அவ இன்னும் உயிரோடை இருக்கிறாவோ? பாத்துச் சொல்லு" என்றார்.

"இருக்காங்க அன்ரி. கடைசி ரெண்டு பேர்ல ஒராள். திரும்பிப் பாருங்களன்."

"நீ சொல்லு" என்றார் அருந்ததி. திரும்பவில்லை.