உகண்டாத் தண்ணீர்த் தொட்டியும் என் இரண்டு ஜெபங்களும்

2011 ஓகஸ்ட் மாதம், ஒரு வேலைநாள் பின்னேரம். சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மனைவி சொல்லிவிட்ட பாணை வாங்கப் பேக்கரிக் கடைக்குள் நுழையும்போது போன் அடித்தது. உகண்டாவிலிருந்து அழைப்பு. நாங்கள் போய்த் திருத்திக் கொடுத்த பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா பேசினார். புதுத் தண்ணீர்த் தொட்டி அதைத் தாங்கிய தூண்களோடு சரிந்துவிட்டது, கிரேஸ் அதன் அடியில் அகப்பட்டுவிட்டாள், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறாள், ஜெபியுங்கள் என்றார். கிரேஸுக்கு ஒன்பது வயது. எங்களிடம் ஒரு தமிழ்ப் பாட்டைப் பழகி, சொற்களைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டே இல்லம் முழுக்கத் திரிந்தவள்.

பாண் வாங்கவில்லை. கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்காக மட்டும் பயந்திருந்தால் நான் நல்ல மனிதன். அந்தத் தொட்டி ஏன் விழுந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் நான்.

அன்பான அண்ணன்மாரே, அக்காமாரே, இந்தச் சம்பவத்தை நான் சபையில் ஏற்கெனவே சாட்சியாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கைதட்டினீர்கள். அன்று சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதியை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன். அந்தப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் யாழ்ப்பாணத்தான். சிட்னியில் கட்டட வேலைத்தளங்களில் மேற்பார்வையாளன். 2009இல் ஊரில் போர் முடிந்த பிறகு எங்கள் சபையில் எல்லோருக்கும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு இருந்தது. வன்னிக்குப் போக வழியில்லை. அப்போதுதான் உகண்டாவில் இந்த இல்லத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம். 2011 ஜூலையில் எட்டுப் பேர் மூன்று வாரம் போனோம். ஒழுகிய கூரையை மாற்றினோம், கழன்ற கதவுகளைப் பொருத்தினோம், கழிவறைக் குழாய்களைத் திருத்தினோம். பெரிய வேலை தண்ணீர்த் தொட்டி. நான்கு கொங்கிரீட் தூண், மேலே ஒரு தட்டு, அதன் மேல் ஐயாயிரம் லீட்டர் தொட்டி. நிரம்பினால் ஐந்து தொன் பாரம். இல்லத்தில் நிரந்தரமாக வேலைசெய்த ஜோசப் என்ற மேசன்தான் எனக்குத் துணை.

சீமெந்து வரத் தாமதமாகியது. கடைசி வாரம் திங்கட்கிழமைதான் கொங்கிரீட் போட்டோம். ஞாயிறு எங்களுக்கு விமானம். சனிக்கிழமை பிரதிஷ்டை ஆராதனை என்று சிட்னியிலேயே முடிவு செய்து வைத்திருந்தோம். நம்முடைய ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரிப்பன் வெட்டவேண்டும், போதகர் ஜெபித்துக் குழாயைத் திறக்கவேண்டும், பிள்ளைகள் கையேந்திக் குடிக்கவேண்டும், படம் எடுக்கவேண்டும். படம் இல்லாமல் திரும்பினால் வேலையே செய்யாதது மாதிரி.

கொங்கிரீட்டைத் தாங்கிப் பிடித்த அச்சுப் பலகைகளைக் கழற்ற வேண்டாம் என்றார் ஜோசப். நான்கு வாரம் நனைத்து இறுக விடவேண்டும், பிறகு தானே தொட்டியை நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாத விஷயமா? சிட்னியில் என் தளத்தில் ஐந்து நாளில் பலகை கழற்றியவனை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இங்கே பரிசோதகர் வருவார். அங்கே யாரும் வரமாட்டார்கள். அதுதான் வித்தியாசம். எல்லோருக்கும் முன்னால் ஜோசப்பைப் பார்த்து, உமக்கு விசுவாசம் இல்லையா என்று கேட்டேன். என்னைவிட நீண்ட காலம் கர்த்தரோடு நடந்த மனிதன். தலைகுனிந்துகொண்டார்.

சனிக்கிழமை காலை பலகைகளைக் கழற்றினோம். சிறிது நேரத்தில் ஜோசப் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு தூணின் உச்சியைக் காட்டினார். மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். சாந்து பூசும் என்றேன். அவர் பூசவில்லை. நானே பூசினேன். காய்வதற்கு முன்பே அதன்மேல் நீலப் பெயின்ட்டும் அடித்து, தொட்டியை நிரப்பவும் சொன்னேன். பத்து மணிக்கு ஆராதனை தொடங்கியது. தண்ணீர் வந்தபோது பிள்ளைகள் துள்ளினார்கள், எங்கள் ஆட்கள் அழுதார்கள். நானும் அழுதேன்.

தொட்டியை வெறுமையாக்கி வையும் என்று போகும்போது ஜோசப்பிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்; நான் சொல்லாமல் அவர் தானாக அதைச் செய்யமாட்டார். சொன்னால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. விமானம் ஏறிவிட்டேன்.

அந்தப் போன் வந்த அன்றே சபை மூன்று நாள் உபவாச ஜெபத்தில் இறங்கியது. உங்களில் பலர் வேலைக்கு லீவு போட்டு முழங்காலில் நின்றீர்கள். குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு அன்ரி சுகமில்லாத உடம்போடு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். நான் என் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். என் ஜெபத்தில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும். ஆண்டவரே, யாரும் என்னிடம் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே கண்ணீரோடுதான் கேட்டேன்.

இடது காலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் செய்தி வந்தது. கிரேஸ் கண் விழித்துவிட்டாள். காலுக்கு இரத்தம் ஓடுகிறது, எடுக்கத் தேவையில்லை. கர்த்தர் செய்தார். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

சில வாரம் கழித்துப் பொறுப்பாளர் அம்மாவிடமிருந்து ஈமெயில் வந்தது. நிர்வாகம் கூடி விசாரித்ததாம். ஜோசப் சீமெந்தைக் குறைத்துக் கலந்திருக்கிறார் என்று முடிவெடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். வெடிப்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன்: அதை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. இரண்டாவது ஜெபத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளை பிழைத்த அற்புதத்தைச் சாட்சியாகச் சொன்னேன்.

அந்தச் சாட்சிக்கு நல்ல பெயர். 2012இல் மெல்பேர்னுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபம், எனக்குப் பின்னால் பெரிய திரையில் எங்கள் படங்கள். பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பிரதிஷ்டைப் படம். எல்லோரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஓரத்தில் நின்ற ஜோசப் மட்டும் அண்ணாந்து அந்தத் தூணின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கைக் கீழே வைத்தேன். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி இறங்கினேன். தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தார்கள்.

மறுநாள் ஸ்பிரிங்வேல் மார்க்கெட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு காருக்கு வந்தோம். பைகளைக் காரில் வைக்கும்போது மனைவி வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அந்த மனுசன்ர வேலை போனது உங்களாலயோ?"

"ஓம்."

"நீங்கள் மைக்கில கதைக்கேக்க நான் பின்னுக்கு இருந்து அழுதனான். என்னை ஏன் அழ விட்டனீங்கள்?"

கீழே வைத்த பையை எடுத்துக் காரில் வைத்தேன்.

சிட்னிக்குத் திரும்பியதும் போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர், நாள் குறித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்றார். இருவரும் கையெழுத்துப் போட்டு இல்லத்து நிர்வாகத்துக்கும் ஜோசப்புக்கும் கடிதம் எழுதினோம். எழுதியது போதவில்லை. 2013இல் ஐந்து வார லீவு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஜோசப் வேறொரு கிராமத்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தார். நிர்வாகம் திரும்பக் கூப்பிட்டும் போகவில்லையாம். நான் அவர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் சொன்னது இதுதான்:

"ஆண்டவருக்கு முதலே தெரியும். என் மனைவிக்குத்தான் தெரியாது. வாருங்கள், அவளிடம் சொல்லுங்கள்."

சீமெந்து திருடன் வீடு என்று அக்கம்பக்கத்தார் பேசிய வீட்டில் இரண்டு வருடம் வாழ்ந்தவர் அந்த அம்மா. கடிதத்தைக் காட்டியும் அவர் நம்பவில்லையாம், ஜோசப் தானே எழுதியது என்று நினைத்தாராம். அவரிடம் சொன்னேன். அவர் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டார். அவர்களுக்கும் சொன்னேன். முற்றத்தில் கதிரை போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அதற்குப் பிறகுதான் ஜோசப் இல்லத்துக்கு வந்தார். புதிய தூண்களுக்கு அவர்தான் மேசன், நான் கையாள். கொங்கிரீட் போட்ட நாளிலிருந்து காலையும் மாலையும் வாளியில் தண்ணீர் சுமந்து நனைத்தேன். அதைத் தவிர எனக்கு அவர் வேறு வேலை தரவில்லை. ரிப்பனும் இல்லை, படமும் இல்லை. நான் புறப்படும்வரை தொட்டியில் ஒரு துளி தண்ணீர் விடவும் அவர் சம்மதிக்கவில்லை.

கிரேஸ் இப்போது பதினொரு வயதுப் பிள்ளை. இடது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். பொறுப்பாளர் அம்மா பக்கத்தில் இருக்க, அவளிடமும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெடிப்பைப் பார்த்த பிறகுமா தண்ணீர் நிரப்பினீர்கள்?"

ஆமாம் என்றேன். தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு வகுப்புக்குப் போய்விட்டாள். மன்னிக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் அவளுக்காக ஜெபிக்கிறேன். என்னை மன்னிக்கவேண்டும் என்று ஜெபிப்பதில்லை. அந்தக் கால் நன்றாக நடக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது என்னைப்போல எதையோ மூடிப் பெயின்ட் அடித்துவிட்டு, அது வெளியே வராமல் இருக்க ஜெபித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். யாரும் கேட்கவில்லை என்பதை ஆண்டவரின் பதிலாக எடுக்காதீர்கள். உங்கள் இடத்தில் வேறொருவர் அதற்காக அடி வாங்கிக்கொண்டிருக்கலாம். உண்மையைக் கர்த்தர் கையில் கொடுத்துப் பாருங்கள். சுகமாக இருக்காது. ஆனால் அவர் கைவிடமாட்டார், நான் பார்த்திருக்கிறேன்.

என் முதல் ஜெபத்துக்கு அவர் மூன்று நாளில் பதில் தந்தார். இரண்டாவது ஜெபத்தில் கேட்டதைத் தரவே மாட்டேன் என்று ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் அந்தப் படத்தைக் காட்டி மறுத்துவிட்டார். தந்ததற்காக அழுது ஸ்தோத்திரம் சொன்னவன் நான். மறுத்ததற்காக இன்று அதைவிட அதிகமாகச் சொல்லுகிறேன்.