பாய்க்குள் வந்த துவக்கு

காட்டுப்பன்றிக்கு எதிராக ஆயுதம் ஏந்துவது என்று நான் தீர்மானித்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை நான் கையிலெடுத்த ஆகப் பெரிய ஆயுதம் ஸ்டேப்ளர். கண்டி நகரில் ஓர் அரச அலுவலகத்தில் கிளார்க் வேலை. குடியிருப்பது மஹய்யாவையில், பக்கத்து வீட்டில் வெங்காயம் உரித்தால் எங்கள் வீட்டில் கண் கலங்கும் அளவுக்கு நெருக்கமான ஒரு வரிசையில்.

பன்றிகளோடு தகராறு குண்டசாலைப் பக்கத்தில். மனைவிக்குச் சீதனமாக வந்த காணித்துண்டு அங்கே இருக்கிறது. மரவள்ளி நட்டோம், வத்தாளைக் கிழங்கு நட்டோம். நட்டது நாங்கள், கிண்டியது அவை. வேலி போட்டோம், அதை வாசல் என்று நினைத்து வரிசையாக வந்தன. கடைசியாக ஒரு நாள் நான் கையில் தடியோடு நின்றபோது ஒரு பெரிய பன்றி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முக்கியமில்லாதவன் என்று முடிவு செய்து மறுபடி கிண்டத் தொடங்கியது. அலுவலகத்தில் மேலதிகாரி பார்க்கும் அதே பார்வை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவனுக்குக் கெலிஓயாவில் சில்லறைக் கடை. மலைச்சரிவில் மிளகுக் காணி வைத்திருந்த காலத்தில் பயிர்க் காவலுக்கென்று லைசனோடு ஒரு இரட்டைக்குழல் துவக்கு வாங்கியிருந்தான். காணியை விற்றுவிட்டான், துவக்கு மட்டும் மிஞ்சியது. "எனக்கு என்னத்துக்கு மச்சான் இனி? நீ எடு," என்றான். எடுப்பதாகச் சொன்னேன். பழைய ஃபிரிட்ஜ் வாங்குவது மாதிரி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் என் நினைப்பு.

மாவட்ட அலுவலகமான கச்சேரியில் போய் விசாரித்தபோது, துவக்கு லைசன் பகுதியைப் பார்க்கும் அம்மணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எனக்குப் புரியவைத்தார். முதலில் என் பேரில் லைசன் வர வேண்டும். அதற்குக் கிராம சேவகர் காணியைப் பார்க்க வேண்டும், பொலிசார் என்னைப் பார்க்க வேண்டும், மேலிடம் சம்மதிக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் துவக்கு கைமாறலாம். அதுவரை அது விற்பவரின் பொறுப்பு, விற்பவரின் வீடு.

"கூட்டாளிதான் மிஸ், சின்ன வயசிலேருந்து தெரியும்," என்றேன்.

"சட்டத்துக்கு உங்க கூட்டாளியத் தெரியாதே," என்றார். "லைசன் இல்லாம துவக்கு உங்க வீட்டுல இருந்தா உள்ளுக்குத்தான். பிணை எடுக்கிறதும் லேசில்ல. அரசாங்க வேலை வேற."

ஒழுங்காக விண்ணப்பம் போட்டேன். ஒழுங்காகக் காத்திருந்தேன். ஒரே ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்கில்லாமல் செய்தேன்: கூட்டாளி மக்காவுக்கு உம்றாப் பயணம் போக டிக்கட் போட வேண்டும் என்றதால், விலையை முன்கூட்டியே முழுசாகக் கொடுத்துவிட்டேன். அங்கேதான் சனியன் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

உம்றாவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் போய்ப் பயணம் சொல்வார்கள். பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். யாருடைய பொருளாவது அமானிதமாகத் தம்மிடம் இருந்தால் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். நல்ல வழக்கம். அவனும் புறப்படும் நாள் காலை, வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். வெள்ளை உடுப்பு, அத்தர் வாசம், கக்கத்தில் சுருட்டிய ஒரு புதுப் பாய்.

கட்டிப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நான் ஏதும் பிழ செஞ்சீந்தா மன்னிச்சிக்கோ," என்றான். கண் கலங்கியிருந்தது.

"எதைன்னு மன்னிக்கிறது? எட்டாம் வகுப்புல என் சோத்துப் பார்சல நீ தின்னது, நான் பொண்ணு பாக்கப் போனப்ப எனக்கு வலிப்பு வரும்னு சொன்னது..."

"எல்லாத்தையும் சேத்து மொத்தமா மன்னி. வேன் நிக்கிது."

மொத்தமாக மன்னித்தேன். தேத்தண்ணீர் குடித்தார்கள். போகும்போது படியில் நின்று, "ஒன்ட அமானிதத்த அறைக்குள்ள வெச்சீக்கிறன். இனி எனக்கு நிம்மதி," என்றான். பாயைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். இந்த அன்புக்கு நாம் என்ன கைமாறு செய்யப் போகிறோம் என்று உருகிப்போய் வேன் மறையும்வரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே மனைவி, கரை என்ன கலர் என்று பார்க்கப் பாயை விரித்திருந்தாள்.

"என்னங்க," என்றாள், குரலை உயர்த்தாமல். "கொஞ்சம் வாங்க."

கட்டில் நீளத்துக்கு விரிந்த பாயின் நடுவில், இளைப்பாற வந்த விருந்தாளி மாதிரி, துவக்கு படுத்திருந்தது.

அடுத்து நடந்ததை என் மனைவி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். ஆகையால் நானே சொல்லிவிடுவது மரியாதை. முதலில் நான் ஜன்னலை மூடினேன். பிறகு, பகலில் ஜன்னல் மூடியிருந்தால் சந்தேகம் வரும் என்று திறந்தேன். பிறகு துவக்கு தெரியுமே என்று மூடினேன். கைரேகை படக்கூடாது என்பதற்காகச் சட்டி இறக்கும் பிடிதுணியால் அதைத் தூக்கினேன். அலுமாரிக்குள் வைத்தால் கதவு மூடவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்தால் குழல் வாசலைக் குறிபார்த்தது. கதவுக்குப் பின்னால் சாத்தி, மேலே என் சட்டையை மாட்டி, தொப்பியும் வைத்தேன். சாப்பாடில்லாமல் மெலிந்த சித்தப்பா ஒருவர் சுவரைப் பார்த்து நிற்பது போல இருந்தது.

"அதில குண்டு இருக்கா?" என்றாள் மனைவி.

அதுவரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் சித்தப்பாவை விட்டு வெகுதூரம் போனேன். எங்கள் வீட்டில் வெகுதூரம் என்பது குசினி அடுப்படி.

அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா. "இன்னைக்குத் தண்ணி வெட்டாம், புடிச்சி வச்சிக்குங்க," என்றவர், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏன் தம்பி, தோள் வலியா?" என்றார். அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயிருந்தன.

"கையுரு கட்டு அக்கா. டொக்டர் இப்பிடித்தான் தூக்கி வைக்கச் சொன்னாரு," என்றேன். கையுரு கட்டு என்று ஒரு வியாதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தைலம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். கட்டுகஸ்தோட்டையில் அவன் தங்கை வீட்டில் பயணம் சொல்லிக்கொண்டிருந்தான். போனில் வெளிப்படையாகப் பேசலாமா? யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்? என் போனை ஒட்டுக் கேட்பவனுக்கு இதுவரை மரவள்ளிக் கதையைத் தவிர வேறெதுவும் கிடைத்திருக்காது. இருந்தாலும் எச்சரிக்கையாகப் பேசினேன்.

"மச்சான், நீ வெச்சிட்டுப் போன அந்தப் புட்டுக்குழல்..."

"என்ன புட்டுக்குழல்?"

"நீளமான புட்டுக்குழல். ரெண்டு புட்டு ஒண்ணா அவியுமே, அது."

ரெண்டு புட்டு, ரெண்டு புட்டு என்று முணுமுணுத்துப் பார்த்தான். பிறகு ஊருக்கே கேட்கும்படி, "ஆ, துவக்கா! அது ஒன்டதானே மச்சான்! பத்திரமா பாவிச்சிக்கோ!" என்றான். பின்னணியில் பத்துப் பதினைந்து பேர் 'மாஷா அல்லாஹ்' சொல்வது கேட்டது.

"திரும்பி வா," என்றேன். "இல்லேன்னா நீ மக்கா போய்ச் சேரும்போது நான் போகம்பரை போயிருப்பேன்." அந்தப் பழைய சிறைச்சாலையை எப்போதோ மூடிவிட்டார்கள் என்பதுகூட அப்போது ஞாபகமில்லை.

வேன் திரும்பி வந்தது. குழல் இரண்டும் வெறும் என்பதைத் திறந்து காட்டி, அவனே துவக்கைப் பாயில் சுருட்டி எடுத்துப்போய் வேனில் வைத்தான். லைசன் அவன் சட்டைப்பையில் இருந்தது. வெளிநாடு போகிறவர்கள் துவக்கைத் தம் ஊர்ப் பொலிசில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று கச்சேரி அம்மணி அன்றைக்குச் சொன்னது நினைவுக்கு வர, அதைச் சொன்னேன். அவன் ஊர்ப் பொலிஸ் எயார்போர்ட் போகும் வழியிலிருந்து கொஞ்சம் உள்ளே. நேரம் இருந்தது.

"நீங்களும் கூடப் போங்க," என்றாள் மனைவி. "அது உள்ளுக்குப் போறதக் கண்ணால பாத்துட்டு வாங்க. இல்லாட்டி ராத்திரி பூரா முழிச்சிருந்து என்னையும் தூங்க விட மாட்டீங்க."

வேனில் பாய்க்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. டவுனுக்குள் ஊர்ந்து போனோம். சந்திக்குச் சந்தி பொலிஸ்காரர்கள். ஒவ்வொருவரையும் பார்த்து நான் புன்னகைத்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பேரைப் பார்த்துப் புன்னகைத்ததே இல்லை.

பேராதனை தாண்டியதும் சொன்னேன்: "பொலிசில கேட்டா, என்னுடையது, வெளிநாடு போறேன்னு சொல்லு. வித்த கதையெல்லாம் வேணாம்."

கூட்டாளி முகம் மாறியது. "அது பொய் மச்சான்."

"எது பொய்? சட்டப்படி அது உன்னுடையதுதானே?"

"சட்டத்துக்கு என்ட. அல்லாஹ்கிட்ட ஒன்ட. சல்லி வாங்கி டிக்கட்டும் போட்டாச்சி. உம்றாக்குப் போற வழில நின்டு பொய் சொல்ல ஏலா."

"அப்ப நான் ஜெயிலுக்குப் போறது பரவால்லயா?"

"நீ போனா நானும் வருவன்," என்றான் பாசத்தோடு. அந்தப் பாசம்தான் என்னைக் கதிகலங்க வைத்தது. அவன் உண்மையிலேயே வருவான். டிக்கட், பயணம், ஆசை எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு கூண்டில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புக் கதை பேசுவான்.

வேன் இரண்டு கட்சியானது. ஒரு மாமா, அவசரத்துக்குச் சொல்லலாம் என்றார். ஒரு சாச்சி, கூடவே கூடாது என்றார். டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லை என்றார், ஆனால் வேகத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியில், முன்சீட்டில் இருந்த கூட்டாளியின் மனைவி திரும்பினார்.

"வித்தத முறிச்சிட்டா முடிஞ்சிதானே? துவக்கு மறுபடி இவங்கட. சல்லி கடன். கடனோட போறதுக்குக் கடன் குடுத்தவங்க சம்மதிக்கோணும், அவ்வளவுதான். அண்ணன், சம்மதமா?"

வேன் முழுக்க என்னைப் பார்த்தது.

"சம்மதம்," என்றேன்.

"மனசாரச் சொல்லுங்க."

"மனசார, மரவள்ளிக் கிழங்கார, முழுச் சம்மதம். என் பக்கத்திலேருந்து அதை எடுங்க."

கூட்டாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கணத்தில் என்னிடம் துவக்கும் இல்லை, காசும் இல்லை. அவ்வளவு இலேசாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

பொலிசில், ஓய்வுக்குக் கிட்டத்தில் இருக்கும் ஒரு சார்ஜன். லைசனைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. எழுதிக்கொண்டே சிங்களத்தில் சும்மா ஒரு வார்த்தை கேட்டார்: "இதுவரைக்கும் வீட்டில் பத்திரமாகத்தானே வைத்திருந்தீர்கள்?"

ஓம், ஆமாம் என்று ஒரு சொல். அது போதும். நான் கூட்டாளியைப் பார்த்தேன். கூட்டாளி கூரையைப் பார்த்தான். பிறகு ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினான். விற்றது, வாங்கியது, பாய், என் அறை, முறித்தது, கடன், அத்தனையும். "இவர் கேக்கவே இல்ல சேர். நான்தான் தெரியாம வெச்சிட்டுப் போன. தெரிஞ்ச ஒடனே கூப்பிட்டுத் திருப்பித் தந்திட்டார். பிழ என்ட."

சார்ஜன் பேனையை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் தொட்டீர்களா?"

"பிடிதுணியால சேர்," என்றேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே எலி கத்துவது போலிருந்தது. "சோத்துச் சட்டி பிடிக்கிற துணி."

அவர் எட்டி வெளியே பார்த்தார். முற்றத்தில் வேன், வேனைச் சுற்றி வெள்ளை உடுப்பில் சொந்தங்கள், ஒரு கிழவி அழுதுகொண்டே ரோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தார்.

"இதை அப்படியே எழுதினால் உங்கள் இரண்டு பேரையும் உள்ளே போட வேண்டும்," என்றார். "பிறகு அந்தக் கூட்டத்துக்கு உட்கார நான் எங்கே கதிரை தேடுவது?" அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் கிடைத்த ஏச்சு, சட்டம் பற்றி எந்த வகுப்பிலும் கிடைக்காத விளக்கம். முடிந்ததும் ரசீதைக் கிழித்துக் கூட்டாளியிடம் நீட்டினார். "போய் வாருங்கள். அங்கே எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி."

வேன் போனது. நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். துவக்கே வேண்டாம், பன்றிகள் தின்று வாழட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

கூட்டாளி பேரீச்சம்பழமும் சம்சம் தண்ணீரும் கொண்டு ஊர் திரும்பினான். "ஒனக்கு லைசன் கெடைக்கோணும்னு விசேஷமா துஆக் கேட்டன் மச்சான்," என்றான். லைசன் முந்தின கிழமைதான் வந்திருந்தது. நான் மறைக்கப் பார்த்தும் முகம் சொல்லிவிட்டது.

"அப்ப கடன் தீருது," என்றான் சந்தோஷமாக. "சல்லி எங்கிட்ட இல்ல. துவக்குத்தான் ஈக்கிது."

மறுபடி வேண்டிய அனுமதியெல்லாம் எடுத்துக்கொண்டு, மறுபடி அதே பொலிசுக்குப் போனோம். சார்ஜன் முழங்காலைத் தடவியபடி எழுந்து வந்தார். அவன் கையெழுத்து வைத்தான், நான் கையெழுத்து வைத்தேன். துவக்கை மேசைக்குக் குறுக்கே என்னிடம் நீட்டினார்.

என் கைகள் முன்னுக்கு வர மறுத்தன. "சேர்," என்றேன், "பன்றி வரும் வரைக்கும் இது இங்கேயே இருந்தால் பிழையா?"

அவர் சிங்களத்தில் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கூட்டாளி காதைப் பொத்திக்கொண்டான். நான் துவக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.