ஓகே இருந்த பக்கம்

ஹிஞ்சேவாடி ஐ.டி. பூங்காவில் என் வேலைக்கு மென்பொருள் என்று பெயர். உண்மையில் பழைய பொத்தான்களுக்குப் புதுச் சட்டை மாட்டுவதுதான். ஒரு காலத்தில் திரையில் பொத்தானை அவரவரே வரைந்துகொண்டார்கள். பிறகு, ஒருமுறை வரைந்ததை எல்லோரும் எடுத்தாளக் கருவித்தொகுப்புகள் வந்தன. மோட்டிஃப் அப்படிப்பட்டது. அது சரிப்படாமல், படம் திருத்தும் மென்பொருள் ஒன்றுக்காக மாணவர்கள் எழுதிக்கொண்டது ஜிடிகே.

ஊருக்கு வெளியே ஒரு ரசாயன ஆலையின் கணினித் திரைகளை மோட்டிஃபிலிருந்து ஜிடிகேவுக்கு மாற்றியவன் நான். முன்னதில் ஓகே இடப்பக்கம், கேன்சல் வலப்பக்கம். பின்னதில் நேர்மாறு. புது வழக்கப்படியே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பொத்தான்மேல்தான் எழுதியிருக்கிறதே, படித்துவிட்டு அழுத்தட்டும் என்கிற திமிர்.

மூன்றாம் நாள் வாயு கசிந்து ஒருவர் இறந்தார். அன்று திரைமுன் இருந்தவர் போபோடியில் குடியிருக்கும் தமிழர். விசாரணையில் என்னிடம் தமிழில் சொன்னார்: "எச்சரிக்கை எழுதி அனுப்பிட்டேன் சார். அழுத்துனதும் மூடிக்கிச்சு." கணினிப் பதிவில் ஒன்றும் இல்லை. மென்பொருளில் பிழையில்லை என்று கையெழுத்துப் போட்டேன். தூங்கிவிட்டார் என்று தீர்மானித்து அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், அந்தக் கணினியை மாற்றப் போனேன். அதை யாரும் அணைத்ததே இல்லை. கேன்சல் செய்த ஜன்னலை அழித்தால் நிரல் நின்றுவிடுமோ என்று பயந்து, மறைத்து மட்டும் வைப்பது எங்கள் வழக்கம். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க, மறைந்த எல்லாவற்றையும் காட்டச் சொல்லிக் கணினிக்குக் கட்டளை கொடுத்தேன்.

பட்டப்பகல். அறையில் நான் மட்டும். யாரும் தொடாமலே ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி வந்தன. எல்லாம் யாரோ எழுதி, யாருக்கும் போய்ச் சேராத குறிப்புகள். அடியில் ஒன்று, ஆங்கில எழுத்தில் இந்தி: மூன்றாவது பம்பில் வாயு, யாரும் உள்ளே போக வேண்டாம். கீழே அவருடைய பணி எண், அந்தத் தேதி. நான் தொட்டதும் அதில் கர்சர் துடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு வருடம் இடப்பக்கம் போய்ப் பழகிய அவர் கை அன்றும் அங்கேயே போய்க் கேன்சலை அழுத்தியிருக்கிறது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

படமெடுத்துக்கொண்டு நேராக போபோடிக்குப் போனேன். தப்பு என்னுடையது, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் படித்தார். பிறகு பரிவோடு திருப்பித் தந்தார்.

"இது நான் எழுதுனது இல்ல சார். விசாரணையில தப்பாச் சொல்லிட்டேன், எல்லாரும் எடுத்துச் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது, நான் அன்னைக்குத் தூங்கிட்டேன். கனவு கண்டதுகூட ஞாபகம் இருக்கு."