ஃபரீதாக்காவின் ஹால் டிக்கெட்

போன வாரம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். மகளின் பள்ளிக்கு ஏதோ நகல் வேண்டுமாம். கடைக்காரர் மெஷினிலிருந்து உருவிக் கொடுத்த தாள் கையில் சுட்டது. அந்தச் சூடும், மை தீய்ந்ததுபோல் ஒரு வாசனையும் சேர்ந்ததும் பரீட்சைக்கு நேரமாகிவிட்டதோ என்று சட்டென மணி பார்த்தேன். சிரிக்காதீர்கள். சிலருக்கு மல்லிகை வாசம் பழசைக் கிளறும், எனக்கு ஜெராக்ஸ். அது பிளஸ் டூ இயற்பியலின் வாசனை. சரியாகச் சொன்னால், நான் இரண்டாவது தடவை படித்த இயற்பியலின் வாசனை.

ஆமாம், ஃபெயில்தான். மற்ற பாடங்களில் கௌரவமாகத் தேறியவளை இயற்பியல் மட்டும் கவிழ்த்துவிட்டது. அம்மா பள்ளிக்கூட டீச்சர் வேறு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது, "யாராவது கேட்டா ரீ-டோட்டலிங் போட்டிருக்கோம்னு சொல்லு" என்றாள். மாதா கோயிலுக்குப் போகும் வழியிலேயே பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

துணைத் தேர்வில் தேறினால் அந்த வருஷமே கல்லூரியில் சேர்ந்துவிடலாம். தேறாவிட்டால் ஒரு வருஷம் வீட்டில்தான். அப்பா அலைந்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த டுட்டோரியலில் என்னைச் சேர்த்தார். வாசலில் 'பெயிலா? கவலை வேண்டாம்!' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. அதன் கீழ் நுழையும்போதெல்லாம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வேன். அப்படி மூடிக்கொண்டு போனதால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று பிற்பாடு புரிந்தது.

அங்கே என் பெஞ்சில் உட்கார்ந்தவள் ஃபரீதாக்கா. கீழ்க்கட்டளையில் அவள் கணவர் பிளைவுட் கடை வைத்திருந்தார். பிளஸ் டூ முடிக்கும் முன்பே கல்யாணம். இயற்பியல் பாக்கி நின்றுபோனது. இப்போது மூன்று வயதில் ஒரு பையன். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை. அதற்கு இயற்பியல் தேற வேண்டும். மாமியாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அந்தக் கடைக்கார பாய்தான் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்.

லென்ஸ் விதி எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் தள்ளினாலும் அது எதிர்க்கிறது, வெளியே இழுத்தாலும் எதிர்க்கிறது. என்னதான் வேண்டுமாம் அந்தக் கம்பிச்சுருளுக்கு?

"எங்க வூட்ட நெனச்சிக்கோ" என்றாள் அக்கா. "நான் புக்க எடுத்தாலும் மாமி திட்டும். எடுத்த புக்க வெச்சிட்டாலும் 'அதுக்குள்ள படிச்சிட்டியா'ன்னு திட்டும். மாத்தம்னு ஒண்ணு வந்தா எதுக்கணும், அவ்ளோதான்."

அன்றிலிருந்து அந்த விதி எனக்கு மறக்கவே இல்லை.

தேர்வுக்கு முந்தைய நாள் இருவரும் ஹால் டிக்கெட்டை நகல் எடுத்தோம். அவசரத்தில் அவளுடைய அசலும் என் கவரில் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். பாய் நம்பருக்குப் போன் போட்டேன். "காலைல சென்டர் கேட்ல நில்லும்மா, சீக்கிரமே கூட்டினு வந்துடறேன்" என்றார்.

குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம்தான் சென்டர். கேட்டில் நின்றேன். முதல் மணி அடித்தது. கூட்டம் உள்ளே போய்விட்டது. அக்காவைக் காணோம். பக்கத்துப் பெட்டிக்கடைப் போனிலிருந்து பாய்க்கு அடித்தேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. வாட்ச்மேனிடம் ஹால் டிக்கெட்டை நீட்டினேன்.

"ஐயோ, என்கைல குடுக்காதம்மா. தொலஞ்சா நான்தான் மாட்டுவேன்."

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. வராந்தாவிலிருந்து ஒரு மேடம் இறங்கி வந்தார். "நீ பரீட்சை எழுத வந்தியா, கேட்டுக்குக் காவல் இருக்க வந்தியா? அரை மணி தாண்டினா யாரா இருந்தாலும் உள்ள விடமாட்டோம்."

"வந்துடுவாங்க மேடம்."

"அவங்க வராட்டி உன் வருஷமும் போச்சு."

அவளுக்காகத் தியாகம் செய்து நின்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அவள் இல்லாமல் தனியாக உள்ளே போகவே எனக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் வழியே குனிந்த தலைகள் தெரிந்தன. எல்லோரும் எழுதுகிறார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் வந்த ஒவ்வொரு ஸ்கூட்டரும் பாய் ஸ்கூட்டராகத் தெரிந்து, கிட்டே வந்ததும் வேறொன்றாக மாறியது. மேடம் கேட்டின் ஒரு கதவைச் சாத்தினார். நான் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றேன்.

ஸ்கூட்டர் வரவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து அக்கா தனியாகக் குதித்து ஓடிவந்தாள். துப்பட்டாவில் ரத்தம்.

"புள்ள படில வுழுந்துட்டான்டி. நெத்தி பொளந்துகிச்சு. தையல் போடறாங்க."

"பாய்?"

"அங்கதான் கீறாரு. நான் பாத்துக்கறேன், நீ போன்னு ஆட்டோல ஏத்தி வுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் கேட்டருகில் நின்றுவிட்டாள். "முடியலடி. நான் திரும்பிப் போயிடறேன்."

"பாய் என்ன சொன்னாரு?"

"போன்னாரு."

"அப்ப வாக்கா."

ஹால் டிக்கெட்டைக் கையில் திணித்து, அந்தக் கையைப் பிடித்தே இழுத்தேன். மேடம் அந்தத் துப்பட்டாவைப் பார்த்தார். சாத்திய கதவைத் திறந்துவிட்டார்.

ஹாலில் அவள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் பேனா அசையவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் எழுத்து ஓடவில்லை. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. வினாத்தாளில் லென்ஸ் விதி இருந்தது. அந்த இறுக்கத்திலும் அந்த மாமியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி மணி அடித்ததும் அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

பையனுக்கு என்ன ஆனது என்று கேட்க மூன்று நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு பாயே போன் செய்து, நன்றாயிருக்கிறான் என்றார். ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டருக்கு அவனையும் தூக்கிக்கொண்டு வந்தாள் அக்கா. நெற்றியில் பிளாஸ்திரி, வாயில் பேக்கரி கேக். நான் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தேன். அவள் என்னைவிட எவ்வளவோ அதிகம். திரையைப் பார்த்துவிட்டு அவள் அழுதாள். பையன் கேக்கை அவள் வாயில் திணித்தான்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தேன், அவள் ஆசைப்பட்ட படிப்பிலேயே சேர்ந்தாள். பின்னால் குடும்பத்தோடு ஷார்ஜா போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நம்பர் மாறிவிட்டது.

அந்தப் பேக்கரி மாடி இப்போது இல்லை. இடித்துவிட்டுத் துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். தாம்பரத்தில் டுட்டோரியல்களே அநேகமாக ஒழிந்துவிட்டன. என் பக்கத்து வீட்டுப் பையன் இந்த வருஷம் இயற்பியலில் தவறிவிட்டான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பாடம் கேட்கிறான். நல்ல பாடம்தான், படமெல்லாம் அசைகிறது. ஆனால் அவன் பெஞ்சில் அவனைத் தவிர யாரும் இல்லை.